வாசகர் கேள்வி – பதில்: டிஸ்கிறீற் மெத்ஸ் பயிற்சி

கணினி விஞ்ஞான நுழைவுப் பரீட்சைகளில் வரும் தனிநிலைக் கணிதம் (தருக்கம், எண்ணல், வரைபு போன்றவை சேர்ந்த கணிதப் பகுதி) பற்றி, மாணவர் பேச்சில் சொன்னால் டிஸ்கிறீற் மெத்ஸ் பற்றி, வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் இறுதி ஆண்டு. இந்தியாவில் முதுமாணி படிக்கக் கேட் பரீட்சை (அங்கே பட்டப்பின் படிப்புகளுக்கான நுழைவுப் பரீட்சை) எழுத எண்ணம். பாடத்திட்டத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?
— மாணவர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: முதலில், இதை வாசிக்கும் உயர்தர மாணவருக்கு ஒரு சொல். இலங்கையில் அரச பல்கலைக்கழக அனுமதி இஸட் புள்ளியால் (உயர்தரப் பெறுபேறுகளைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) தீர்மானிக்கப்படுவது. அதற்காக யாரும் டிஸ்கிறீற் மெத்ஸ் ரியூசன் தேடி அலையத் தேவையில்லை. பட்டப்பின் படிப்புகளின் தெரிவுப் பரீட்சை, இந்தியாவின் கேட், சென்னை கணிதவியல் நிறுவனத்தின் முதுமாணி நுழைவுத் தேர்வு போன்றவற்றுக்குத்தான் இது வேண்டும். வெளிநாட்டவர் எழுதலாமா, எந்த நிலையத்தில் எழுதலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவித்தலில் பாருங்கள். கேட் பரீட்சையை நடத்தும் நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், விதிகளும் மாறும்.

உங்கள் கேள்விக்கு வருவோம். கேட் கணினித் தாளில் இந்தப் பகுதிக்குள் வருபவை: எடுப்புத் தருக்கம், முதல்நிலைத் தருக்கம், தொடை, தொடர்பு, சார்பு, பகுதி வரிசை, லற்றிஸ், மொனொயிட், குலம் (நாலு விதிகளுக்கு அமையும் ஒரு செயலோடு கூடிய தொடை), வரைபுகளில் (உச்சி எனும் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் விளிம்பு எனும் கோடுகளையும் கொண்ட அமைப்புகளில்) இணைப்பும் பொருத்தமும் நிறமிடலும், எண்ணல் முறைகள், மீள்வரு சமன்பாடு (முந்திய உறுப்புகளிலிருந்து அடுத்ததைத் தருவது), பிறப்பிக்கும் சார்பு. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவருக்கு வரிசைமாற்றம், சேர்மானம், ஈருறுப்புத் தேற்றம், தொகுத்தறிவு ஆகியவை கையில் உண்டு. ஐ.சி.ரி. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தவருக்குப் பூலியன் அட்சரகணிதமும் கானோ வரைபடமும் தெரியும். இரண்டு பாடத்திலும் ஆழமாக வராதவை தொடர்பும் வரைபும் மீள்வரு சமன்பாடும்தான். ஆனால் பெரும்பாலானோர் தெரிந்த சேர்மானக் கணக்கையே திரும்பத் திரும்பச் செய்து மனம் குளிர்ந்து போகிறார்கள்.

தருக்கத்திலிருந்து தொடங்குங்கள். வரைபுத் தேற்றங்கள் எல்லாமே “இப்படியானால் அப்படி” என்ற வடிவில் வருவதால், அந்த அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் உள்ளே போனால் பாதிப் புள்ளி அங்கேயே போய்விடும். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம், பத்து வாரம் என்று வைத்துக்கொண்டால் தருக்கத்துக்கு ஒன்றரை வாரம், தொடர்பு, சார்பு, பகுதி வரிசைக்கு ஒன்றரை, எண்ணலும் மீள்வரு சமன்பாடும் மூன்று, வரைபு மூன்று, மிச்சம் ஒரு வாரம் குலத்துக்கு. குலத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நிற்பது நட்டம்.

கேள்வி: மகள் கலைப்பிரிவு. உயர்தரத்தில் அளவையியல் எடுத்தவள். இப்ப கணினிப் பக்கம் போக விரும்புறாள். கணிதம் படிக்காத பிள்ளைக்கு இது ஏலுமோ?
— தாய், பருத்தித்துறை

பதில்: அம்மா, அனுமதிக்கான ஆகக்குறைந்த தகைமையை அந்தக் கற்கைநெறியின் அறிவித்தலில் முதலில் பாருங்கள். சில இடங்களில் கணிதம் கட்டாயம். பாடம் என்ற அளவில் உங்கள் மகள் பின்தங்கியவர் அல்லர். அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவருக்கு உண்மை அட்டவணை, உட்கிடை, வாய்ப்புச் சோதனை (வாதம் செல்லுமா என்ற சோதனை) எல்லாம் பழகியவை. இணைந்த கணித மாணவர் பலர் தடுமாறுவது அங்கேதான்.

இரண்டு வசனத்தைக் கொடுத்துப் பாருங்கள். “கடை திறந்திருந்தால் விளக்கு எரியும்.” இதன் மறுப்பு என்ன? “கடை திறந்திருந்தால் விளக்கு எரியாது” என்று எழுதினால் பிழை. “கடை பூட்டியிருந்தால் விளக்கு எரியாது” என்பதும் பிழை. “கடை திறந்திருக்கிறது, ஆனாலும் விளக்கு எரியவில்லை” என்பதே மறுப்பு. நிபந்தனை வசனத்தின் மறுப்பில் “ஆல்” நிற்காது.

மற்றது: “ஒவ்வொரு மாணவரும் ஏதாவது ஒரு தாளில் சித்தி.” “ஏதோ ஒரு தாளில் எல்லா மாணவரும் சித்தி.” இரண்டு மாணவர், இரண்டு தாள் என்று ஒரு சின்னக் கட்டம் போடட்டும். முதல் மாணவர் முதல் தாளில் மட்டும், இரண்டாமவர் இரண்டாம் தாளில் மட்டும் சித்தியென்றால் முதல் வசனம் உண்மை, இரண்டாவது பொய். முதல் வசனத்தின் மறுப்பு “ஒரு தாளிலும் சித்தியடையாத மாணவர் ஒருவராவது இருக்கிறார்” என்பது. இந்த இரண்டையும் தயங்காமல் சொன்னாரென்றால் தருக்கப் பகுதியில் பயமில்லை. எண்ணல் பகுதிக்கு மட்டும் சாதாரண தரக் கணிதத்துக்கு மேலே இணைந்த கணிதத்தின் வரிசைமாற்றம், சேர்மானப் பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டிவரும். நுண்கணிதம் இந்தப் பகுதிக்குத் தேவையில்லை. ஆனால் கேட் தாளில் அதற்கும் தனியே வினா உண்டு.

கேள்வி: சனசமூக நிலையத்தில் 6 ஆண்கள், 4 பெண்கள். 4 பேர் கொண்ட குழு, குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். முதலில் ஒரு பெண்ணை எடுத்தேன்: 4 வழி. மிச்சம் 9 பேரில் 3 பேர்: 84 வழி. 4 × 84 = 336. விடைத்தாளில் 195. எனது முறையில் என்ன பிழை? எல்லா நிபந்தனையும் சரியாகத்தானே இருக்கிறது.
— வாசகி, கொக்குவில்

பதில்: நிபந்தனை எதுவும் மீறப்படவில்லை, ஒரே குழுவைப் பலமுறை எண்ணிவிட்டீர்கள். குழுவில் இரண்டு பெண்கள் இருந்தால், முதலாமவரை “முதலில் எடுத்த பெண்” என்று வைத்து ஒருமுறை, இரண்டாமவரை அப்படி வைத்து இன்னொருமுறை. குழு ஒன்று, கணக்கில் இரண்டு.

எங்கே எவ்வளவு கூடியது என்று பிரித்துப் பார்ப்போம். 6 பேரிலிருந்து 3 பேரைத் தெரிவுசெய்யும் சேர்மானத்தை இனி (6, 3) என்று எழுதுகிறோம்.

ஒரு பெண்: 4 × (6, 3) = 4 × 20 = 80
இரு பெண்: 6 × (6, 2) = 6 × 15 = 90
மூன்று பெண்: 4 × 6 = 24
நான்கு பெண்: 1

கூட்டினால் 195. இப்போது உங்கள் முறையில் ஒவ்வொரு வரியும் பெண்களின் எண்ணிக்கையால் பெருக்கப்பட்டிருக்கிறது: 80 × 1, 90 × 2, 24 × 3, 1 × 4. அதாவது 80 + 180 + 72 + 4 = 336. உங்கள் விடை அப்படியே வெளியே வருகிறது பாருங்கள். பிழையான விடையை இப்படித் திரும்பக் கட்டிப் பார்த்தால் அதே பிழை மறுபடி வராது. சரியான விடையைப் பார்த்து “ஓ” என்று தலையாட்டுவதால் வரும் பயன் குறைவு.

குறுக்குவழி: மொத்தத்தில் பெண்ணே இல்லாத குழுவைக் கழியுங்கள். (10, 4) − (6, 4) = 210 − 15 = 195. “குறைந்தது ஒன்று” என்று கண்டால் கை தானாகவே கழித்தலுக்குப் போகவேண்டும். “குறைந்தது இரண்டு” என்றால் கழிக்க இரண்டு வகை இருக்கும், ஒன்றும் இல்லாதது, ஒன்றே ஒன்று உள்ளது. இரண்டாவதை மறப்பவர் ஏராளம்.

கேள்வி: ஒரே மாதிரியான பொருட்கள், வேறுவேறான பொருட்கள் என்று வரும்போது எந்தச் சூத்திரம் என்பதில் எப்போதும் குழப்பம். ஓர் உதாரணத்தை வைத்து விளக்க முடியுமா?
— மாணவர், நெல்லியடி

பதில்: சந்தையில் நாலு இன மாம்பழம் இருக்கிறது: கறுத்தக்கொழும்பான், விலாட்டு, அம்பலவி, செம்பாட்டான். 10 பழம் வாங்கவேண்டும். எத்தனை விதமாக வாங்கலாம்?

பையில் எந்த இனம் எத்தனை என்பதே கேள்வி. எதை முதலில் போட்டோம் என்பது இல்லை. நாலு முழு எண்கள், கூட்டுத்தொகை 10. பத்துப் பழத்தையும் வரிசையாக வைத்து நடுவில் மூன்று தடுப்புப் போட்டால் நாலு பகுதி கிடைக்கும். 13 இடம், அதில் 3 தடுப்புக்கு: (13, 3) = 286.

இங்கே வரும் வழமையான பிழை 4¹⁰ என்று எழுதுவது. அது 1,048,576. அந்த எண்ணும் ஒரு கேள்விக்குச் சரியான விடைதான்: பத்து வெவ்வேறு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பழம், ஒவ்வொருவருக்கும் எந்த இனம் என்று தீர்மானிப்பது. அங்கே யாருக்கு எது என்பது முக்கியம். ஆகவே சூத்திரத்தைத் தேடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு பழத்தை இடம் மாற்றினால் புதிய நிலை வருமா? வராதென்றால் தடுப்பு முறை.

சந்தேகம் இருந்தால் எண்ணைச் சின்னதாக்குங்கள். 2 பழம், 4 இனம். இரண்டும் ஒரே இனம் 4 விதம், வேறு இனம் 6 விதம், மொத்தம் 10. (5, 3) = 10. பொருந்துகிறது. 4² = 16 பொருந்தவில்லை. அரை நிமிட வேலை.

இனி நிபந்தனைகள். ஒவ்வோர் இனத்திலும் குறைந்தது ஒன்று: முதலில் நாலு பழத்தை ஒதுக்கிவிடுங்கள், மிச்சம் 6. (9, 3) = 84. பழங்கள் இனத்துக்குள் ஒரே மாதிரி என்பதால் இங்கே “முதலில் ஒதுக்குவது” சரி. கொக்குவில் வாசகியின் கணக்கில் ஆட்கள் வெவ்வேறானவர்கள் என்பதால் அதே வேலை பிழையானது. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்து பாருங்கள்.

கடையில் கறுத்தக்கொழும்பான் மூன்றுதான் இருக்கிறது என்றால்? மேல் எல்லையை நேரடியாகக் கையாளமுடியாது. 4 அல்லது அதற்கு மேல் எடுத்தவற்றைக் கழிக்கவேண்டும்: 4 ஒதுக்கி மிச்சம் 6, (9, 3) = 84. 286 − 84 = 202. விலாட்டும் இரண்டுதான் என்றால் அதிலும் 3 ஒதுக்கி (10, 3) = 120 கழியுங்கள்; இரண்டு எல்லையையும் மீறியவை இருமுறை கழிபட்டுவிட்டன, 4 உம் 3 உம் ஒதுக்கினால் மிச்சம் 3, (6, 3) = 20, அதைத் திருப்பிக் கூட்டுங்கள். 286 − 84 − 120 + 20 = 102. கவனிக்க: எல்லை 3 என்றால் ஒதுக்குவது 4. எல்லையையே ஒதுக்கினால் விடை பிழைக்கும். பல்தேர்வில் அந்தப் பிழையான எண்ணும் ஒரு தெரிவாக நிற்கும்.

கேள்வி: மீள்வரு சமன்பாட்டைச் சரியாக அமைக்கிறேன். ஆனால் இறுதி விடை ஒரு படி முன்னே அல்லது பின்னே போய்விடுகிறது.
— மாணவி, மானிப்பாய்

பதில்: சமன்பாடு சரி, தொடக்கப் பெறுமானம் பிழை. நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுப்போம்: 0, 1 ஆகியவற்றால் ஆன 10 நீள நிரை, அடுத்தடுத்து இரண்டு 1 வரக்கூடாது.

கடைசி இலக்கம் 0 என்றால் முன்னாலுள்ள 9 இடமும் விரும்பியபடி அமையலாம், நிபந்தனைக்குள். கடைசி 1 என்றால் அதற்கு முன் 0 கட்டாயம், மிச்சம் 8 இடம். ஆகவே ஒவ்வோர் எண்ணும் முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. இதுவரை நீங்களும் சரி. அதன்பிறகு “இது பிபனாச்சி” என்று கண்டவுடன் பத்தாவது பிபனாச்சி எண் 55 என்று எழுதிவிட்டீர்கள். பிபனாச்சி 1, 1 என்று தொடங்குவது. உங்கள் தொடர் அப்படித் தொடங்கவில்லை. நீளம் 1: 0, 1 என இரண்டு. நீளம் 2: 00, 01, 10 என மூன்று. அதிலிருந்து எழுதிக்கொண்டு போனால் 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144. விடை 144.

முதல் இரண்டு பெறுமானத்தை எப்போதும் நிரைகளை எழுதியே எண்ணுங்கள். மூன்றாவதையும் எழுதிச் சமன்பாட்டோடு ஒப்பிடுங்கள். நீளம் 3க்கு 000, 001, 010, 100, 101, ஐந்து. சரி.

பொதுத் தீர்வு கேட்டால் சிறப்பியல்புச் சமன்பாடு (அடுத்து வரும் உதாரணத்துக்கு x² = 5x − 6). அடுத்த உறுப்பு = 5 × முந்தியது − 6 × அதற்கு முந்தியது என்றால் மூலங்கள் 2, 3. பூச்சியமாவது உறுப்பு 1, முதலாவது 4 என்றால் மாறிலிகள் −1 உம் 2 உம். ந ஆவது உறுப்பு 2 × 3இன் ந ஆம் அடுக்கு, கழித்தல் 2இன் ந ஆம் அடுக்கு. ந = 2 போட்டால் 18 − 4 = 14; சமன்பாட்டிலும் 20 − 6 = 14. இந்தச் சோதனையை விடாதீர்கள். மூலம் இரண்டும் ஒன்றானால் (4, −4 குணகங்களுக்கு 2, 2) இரண்டாவது உறுப்பை ந ஆல் பெருக்கவேண்டும். பெருக்காமல் போனால் இரண்டு மாறிலியும் ஒன்றாகிவிடும், தொடக்கப் பெறுமானம் இரண்டும் ஒன்றோடொன்று முரண்படும். அந்த முரண்பாடு வந்தால் கணக்கைக் குறை சொல்லாமல் மூலத்தைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று மூலகத் தொடையில் தெறிப்புத் தொடர்புகள் 64, சமச்சீர்த் தொடர்புகளும் 64. இரண்டும் ஒன்றா? ஒரே சூத்திரமா?
— மாணவர், சுன்னாகம்

பதில்: தற்செயல். 3 × 3 கட்டம் போடுங்கள், 9 பெட்டி; ஒரு பெட்டி நிரம்பினால் அதன் நிரை மூலகம் நிரல் மூலகத்தோடு தொடர்புடையது. தெறிப்புக்கு (ஒவ்வொரு மூலகமும் தன்னோடு தொடர்புடையது) மூலைவிட்டத்தின் 3 பெட்டியும் கட்டாயம் நிரம்பவேண்டும். மிச்சம் 6 பெட்டி சுதந்திரம், 2⁶. சமச்சீருக்கு (ஒன்று மற்றதோடு தொடர்பென்றால் மற்றதும் அதனோடு தொடர்பு) மூலைவிட்டம் 3 சுதந்திரம், மிச்சம் 6 பெட்டியும் 3 சோடி, ஒவ்வொரு சோடிக்கும் ஒரே தீர்மானம்; 3 + 3 = 6, மறுபடி 2⁶. இரண்டு மூலகத்துக்குப் பார்த்தால் 4 உம் 8 உம். நாலுக்கு 4096 உம் 1024 உம். சின்ன எண்ணில் சோதிக்கச் சொன்னோம், ஆனால் ஒரே ஓர் எண்ணில் சோதித்தால் இப்படி மாட்டிக்கொள்ளலாம். இரண்டு எண்ணாவது பாருங்கள்.

இரண்டும் சேர்ந்தது: மூலைவிட்டம் நிரம்பியது, 3 சோடி சுதந்திரம், 8. எதிர்ச்சமச்சீர் (வெவ்வேறான இரண்டு மூலகங்கள் இருபக்கமும் தொடர்புபடாது): மூலைவிட்டம் சுதந்திரம், ஒவ்வொரு சோடிக்கும் மூன்று நிலை (ஒருபக்கம், மறுபக்கம், இல்லை), 8 × 27 = 216. சமச்சீர் இல்லாதது எல்லாம் எதிர்ச்சமச்சீர் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு மூலகமும் தன்னோடு மட்டும் தொடர்புடையது என்றால் அது இரண்டும்தான். வெற்றுத் தொடர்பு சமச்சீர், கடத்தல் (முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் தொடர்பென்றால் முதலாவது மூன்றாவதோடும் தொடர்பு) இரண்டையும் நிறைவேற்றும், தெறிப்பை நிறைவேற்றாது. “சமச்சீரும் கடத்தலும் இருந்தால் தெறிப்பு வரும்” என்ற தெரிவைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வீடு ஒவ்வொன்றையும் மூன்று இணைப்பு ஒவ்வொன்றோடும் தொடுக்கும் வரைபு: 6 உச்சி, 9 விளிம்பு. விளிம்பு 3 × 6 − 6 = 12ஐத் தாண்டவில்லை, ஆகவே தளவரைபு (விளிம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரையக்கூடியது) என்று எழுதினேன். பிழை என்கிறார்கள்.
— மாணவர், காரைநகர்

பதில்: அந்தத் தேற்றம் சொல்வது: எளிய வரைபு (தன்னோடு தானே இணையும் விளிம்போ இரட்டை விளிம்போ இல்லாதது), உச்சி குறைந்தது மூன்று, தளவரைபு என்றால் விளிம்பு 3 × உச்சி − 6 ஐத் தாண்டாது. தாண்டாவிட்டால் தளவரைபு என்று அது சொல்லவே இல்லை. தாண்டினால் “இல்லை” என்று தீர்ப்புச் சொல்லலாம். தாண்டாவிட்டால் ஒன்றும் சொல்ல ஏலாது. உங்கள் வரைபு மூன்று வீட்டை மூன்று இணைப்போடு தொடுப்பது, இருகூறு வரைபு (உச்சிகள் இரண்டு கூறு, விளிம்புகள் கூறுகளுக்கு இடையில் மட்டும்); அதில் முக்கோணம் இல்லை. முக்கோணம் இல்லாதவற்றுக்கு எல்லை இறுக்கமானது, 2 × உச்சி − 4, அதாவது 8. ஒன்பது விளிம்பு அதைத் தாண்டிவிட்டது. தளவரைபு அல்ல. ஐந்து உச்சி முழுவரைபுக்கு (எல்லா உச்சியும் ஒன்றோடொன்று இணைந்தது) முதல் எல்லையே போதும்: 10 விளிம்பு, எல்லை 9.

வரைபுப் பகுதி முழுவதும் இப்படி ஒருவழித் தேற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி, அம்பு ஒருவழியா இருவழியா என்று போட்டு, ஒருவழியானால் மறுவழி உடையும் உதாரணம் ஒன்றை அடியில் வரையுங்கள். தொடக்கத்துக்கு நாலு:

படிகளின் (ஓர் உச்சியில் சேரும் விளிம்புகளின் எண்ணிக்கையே அதன் படி) கூட்டுத்தொகை இரட்டை. ஒருவழி. 3, 3, 3, 1 என்ற படிகள் கூட்டினால் 10, இரட்டைதான். ஆனால் நாலு உச்சியில் மூன்று பேர் எல்லோரோடும் இணைந்தால் நாலாவதுக்குப் படி 3 வந்துவிடும், 1 ஆகாது. எளிய வரைபு இல்லை.

ஓயிலர் சுற்று (ஒவ்வொரு விளிம்பிலும் ஒருமுறை மட்டும் போய்த் தொடங்கிய இடத்துக்கே வருவது). இருவழி: இணைந்த வரைபில் எல்லா உச்சியும் இரட்டைப் படி என்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1736இல் ஓயிலர் கோனிக்ஸ்பேர்க் பாலக் கேள்வியைத் தீர்த்ததிலிருந்து வந்தது. சுற்று அல்லாமல் பாதை மட்டும் என்றால் ஒற்றைப் படி உச்சி சரியாக இரண்டு.

ஹமில்டன் சுற்றுக்கு (ஒவ்வோர் உச்சிக்கும் ஒருமுறை மட்டும் போய்த் தொடங்கிய இடத்துக்கே வருவது) டிராக் நிபந்தனை: உச்சி குறைந்தது மூன்று, ஒவ்வொரு படியும் உச்சி எண்ணிக்கையில் பாதியாவது. ஒருவழி. அறுகோணத்தில் படி 2, பாதி 3, நிபந்தனை தோல்வி. ஆனால் அறுகோணமே ஹமில்டன் சுற்று.

மரம் (சுற்று இல்லாத இணைந்த வரைபு) என்றால் விளிம்பு உச்சியைவிட ஒன்று குறைவு. ஒருவழி. முக்கோணமும் தனி உச்சி ஒன்றும்: 4 உச்சி, 3 விளிம்பு, மரம் அல்ல. “இணைந்தது” என்ற சொல் சேர்ந்தால் இருவழியாகும்.

கேள்வி: தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் நாங்கள். கணக்குத் தெரிகிறது, ஆங்கில வினாவில் விழுகிறோம்.
— இரு நண்பர்கள், வட்டுக்கோட்டை

பதில்: இந்தப் பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அட் லீஸ்ட் (குறைந்தது), அட் மோஸ்ட் (கூடியது), எக்ஸாக்ட்லி (சரியாக), டிஸ்டிங்ட் (வேறுவேறான), ஐடென்டிகல் (ஒரே மாதிரியான), இன்க்ளூசிவ் (முனைகளும் சேர), இஃப் (ஆல்), ஒன்லி இஃப் (ஆல் மட்டுமே), அன்லெஸ் (இல்லாவிட்டால்). வினாவை வாசிக்கும்போது இவற்றை வட்டமிட்ட பிறகே பேனாவைக் கணக்கில் வையுங்கள். “ஒன்லி இஃப்” இல் பின்னால் வருவது தேவையான நிபந்தனை. அம்பு அதை நோக்கிப் போகும். “இன்க்ளூசிவ்” என்றால் இரு முனையும் சேரும்: 100 முதல் 200 வரை 101 எண்கள், அதில் 4இன் மடங்குகள் 26. வித்தியாசத்தை 4ஆல் வகுத்து 25 என்று எழுதுவது வழக்கமான பிழை.

கேள்வி: தெரியாத வினாவுக்குக் குத்துமதிப்பாக விடை போடலாமா? எதிர்ப்புள்ளி இருக்கிறதே.
— மாணவர், கோண்டாவில்

பதில்: கேட் தாள் மூன்று மணித்தியாலம், 65 வினா, 100 புள்ளி. ஒரு புள்ளிப் பல்தேர்வு பிழைத்தால் மூன்றில் ஒன்று கழியும், இரண்டு புள்ளி வினா பிழைத்தால் மூன்றில் இரண்டு. நாலு தெரிவில் கண்ணை மூடிப் போட்டால் எதிர்பார்ப்பு சரியாகப் பூச்சியம்: கால் பங்கு 1, முக்கால் பங்கு மூன்றிலொன்று இழப்பு. ஒரு தெரிவை உறுதியாக நீக்கினாலே சராசரியில் ஒன்பதில் ஒரு புள்ளி இலாபம், இரண்டை நீக்கினால் மூன்றில் ஒன்று. டிஸ்கிறீற் மெத்ஸில் சின்ன எண் போட்டு ஒரு தெரிவையாவது தள்ளாமல் விடுவது அரிது, ஆகவே போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாகக்கூடிய வினாவுக்கும் எண்ணாக விடை எழுதும் வினாவுக்கும் எதிர்ப்புள்ளி இல்லை, வெறுமையாக விடக்கூடாது. ஆனால் முதல் வகையில் பகுதிப் புள்ளியும் இல்லை: மூன்றில் இரண்டைச் சரியாகத் தெரிந்தாலும் பூச்சியம்.

கேள்வி: நாளுக்கு எத்தனை கணக்கு? கடந்தகால வினாத்தாளை எப்போது எடுப்பது?
— மாணவி, சாவகச்சேரி

பதில்: புதிய கணக்கு எட்டு, பழைய பிழை நாலு. எட்டுக்கு மேல் போனால் விடையைப் பார்த்துக் கொப்பியில் எழுதும் வேலையாக மாறிவிடும். ஒரு கணக்கோடு 12 நிமிடம் மல்லுக்கட்டிய பிறகே விடையைத் திறவுங்கள். திறந்தாலும் முதல் வரி மட்டும். மிச்சத்தை மூடி நீங்களே முடியுங்கள்.

பிழைக் கொப்பி ஒன்று தனியே வேண்டும். அதில் முழுத் தீர்வையும் அழகாக எழுதுவது வீண். வினா, நீங்கள் எழுதிய பிழை விடை, அந்த விடை எந்த வேறு கேள்விக்குச் சரி என்ற ஒரு வரி. மாம்பழக் கணக்கில் 4¹⁰க்குச் செய்ததுபோல. மூன்று நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை விடையை மறைத்துச் செய்து, இரண்டு தடவையும் சரிவந்தால் வெட்டிவிடுங்கள்.

கடந்தகாலத் தாள்களைத் தலைப்பு வாரியாக முதலில் பிரித்துச் செய்யலாம். ஆனால் கடைசி ஐந்து ஆண்டுத் தாளைத் தொடாமல் வையுங்கள். தலைப்புத் தெரிந்து செய்வதும் தெரியாமல் செய்வதும் ஒன்றல்ல. “மீள்வரு சமன்பாடு” என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கணக்கு பாதி தீர்ந்த கணக்கு. ரியூட்டரிகளில் தலைப்பு வாரியாகப் பயிற்சித்தாள் கொடுத்து மாணவர் நூற்றுக்கு எண்பது எடுப்பதும், கலந்த தாளில் அதே மாணவர் ஐம்பதுக்கு இறங்குவதும் இதனால்தான்.

கேள்வி: தொகுத்தறிவு நிறுவலில் அடிப்படைப் படி எத்தனை எழுதவேண்டும்? ஒன்று போதாதா?
— மாணவர், சண்டிலிப்பாய்

பதில்: உங்கள் படி, அதாவது முந்திய எண்ணிலிருந்து அடுத்ததை நிறுவும் படி, எவ்வளவு பின்னுக்குத் தாவுகிறதோ அத்தனை. 3 கிலோ, 5 கிலோப் பைகளால் 8 கிலோவும் அதற்கு மேற்பட்ட எந்த முழுக் கிலோவும் அளக்கலாம் என்று நிறுவச் சொன்னால், படி “மூன்று குறைந்த அளவுக்கு ஒரு 3 கிலோப் பை சேர்” என்பது. 11 ஆனது 8இல் தங்கும், 12 ஆனது 9இல், 13 ஆனது 10இல். ஆகவே 8 = 3 + 5, 9 = 3 + 3 + 3, 10 = 5 + 5 மூன்றையும் எழுதவேண்டும். 8 மட்டும் எழுதினால் 9க்குப் படி 6இல் போய் நிற்கும், நீங்கள் எடுத்த எல்லைக்கு வெளியே. 7 கிலோ அளக்க முடியாது என்பதையும் ஒரு வரியில் காட்டினால் 8 ஏன் தொடக்கம் என்பது தெளியும். பல்தேர்வில் இதெல்லாம் கேட்கமாட்டார்கள். சென்னை கணிதவியல் நிறுவனத் தேர்வுபோல நிறுவல் எழுதும் தாளில் புள்ளி போகும் இடம் இதுதான்.

கேள்வி: குலம் பற்றி ஒன்றுமே புரியவில்லை. விட்டுவிடலாமா?
— மாணவி, அளவெட்டி

பதில்: முழுதாக விடாதீர்கள். நாலு விடயத்தைப் பிடியுங்கள்: நாலு விதிகளையும் (அடைத்தல், சேர்ப்பு, சமனி, நேர்மாறு) ஒரு பெருக்கல் அட்டவணையில் சோதிப்பது, மூலகத்தின் வரிசை (அதன் எத்தனையாம் அடுக்கு முதன்முதலில் சமனியாகும் என்பது; சமனி என்றால் பெருக்கினால் எதையும் மாற்றாத மூலகம்) காண்பது, உபகுலத்தின் வரிசை (மூலக எண்ணிக்கை) குலத்தின் வரிசையை வகுக்கும் என்ற லகிராஞ்சித் தேற்றம், முதன்மை எண் வரிசையுள்ள குலம் எப்போதும் சக்கரக் குலம் (ஒரே மூலகத்தின் அடுக்குகளால் ஆனது). லகிராஞ்சியும் ஒருவழிதான்: 12 மூலகக் குலம் ஒன்றில் 6 மூலக உபகுலம் இருந்தே தீரும் என்றில்லை. 4 மூலகம் உள்ள குலம் இரண்டு வகை மட்டுமே. இரண்டின் அட்டவணையையும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், மூலைவிட்டத்தில் ஒன்றில் நாலு இடமும் சமனி, மற்றதில் இரண்டு இடம் மட்டும் சமனி.